ஒப்படைக்காமல் விட்ட டூட்டி

வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற வரைக்கும் ஆந்தையக்கா தூங்குவாள். அது நின்றதும் எழுந்துவிடுவாள். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? சத்தம் வந்தால் விழித்துக்கொள்கிறவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இவளுக்குச் சத்தம் நின்றால்தான் தூக்கிவாரிப்போடும். பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சை வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக உழைத்த உடம்பு அது. அங்கே எப்போதும் ஏதாவது ஒரு இயந்திரம் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், இன்னொன்று டிங் டிங்கென்று சொல்லிக்கொண்டிருக்கும். நின்றுவிட்டது என்றால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

பெயர் வைத்தது வார்டில் இருக்கிற இளசுகள். ராத்திரி டூட்டியில் மற்றவர்கள் சுவரில் சாய்ந்து கண்ணைச் செருகினாலும் இவள் மட்டும் படுக்கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். முதுகுக்குப் பின்னால் ஆந்தை, முகத்துக்கு முன்னால் அக்கா. நாளடைவில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. இவள் காதில் விழுந்தபோது கோபித்துக்கொள்ளவில்லை. ஆந்தைக்காவது பகலில் தூக்கம் வரும் என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனதில் கேட்கிறவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அப்பா, அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே தங்கை வேறு ஊரில் பேரன் பேத்திகளோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி முழங்கால் வலியையும் மருமகளையும் ஒரு மூச்சு சொல்லிவிட்டு, "சரிக்கா, நீ சொல்லு" என்பாள். இவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அங்கே ஏதாவது ஒரு குழந்தை விழுந்துவிடும்.

மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீடு. இரண்டு நாற்காலி உண்டு. ஒன்றில் இவள் உட்காருவாள், இன்னொன்றில் இஸ்திரி போட்ட சீருடைகள் உட்கார்ந்திருக்கும்.

அந்த வார்டில் ஒரு முறை உண்டு. அதை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் மேலே சொல்ல முடியும். டூட்டி முடிந்தது என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. அடுத்து வருகிற நர்ஸைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் நிற்க வேண்டும். இவருக்கு இன்ன வியாதி, இன்ன மருந்து போகிறது, இந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வை, இவர் ராத்திரி அழுதார், காலையில் மகன் வருவான் என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். கேட்டு முடித்ததும் வந்தவள், "எடுத்துக்கிட்டேன்" என்பாள். அந்தச் சொல் விழுந்த பிறகுதான் போகிறவளுக்குத் தோளிலிருந்து பாரம் இறங்கும். எத்தனை அவசரமானாலும் அந்தச் சொல்லைக் கேட்காமல் யாரும் படி இறங்குவதில்லை.

ஆந்தையக்கா ஒரே ஒரு தடவை அப்படி இறங்கினாள். இறங்கினாள் என்று சொல்வதுகூடத் தப்பு. இறக்கினார்கள்.

ஒரு மத்தியானம் மருந்துப் பையை மாற்றிக்கொண்டிருந்தபோது வெள்ளைப் போர்வையில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. நோயாளிக்கு எங்கே அடிபட்டது என்று குனிந்து தேடினாள். குனியக் குனிய இன்னும் விழுந்தது. அது தன் மூக்கிலிருந்து விழுகிறது என்று புரிவதற்குள் காது அடைத்துக் கால் மடங்கிவிட்டது. கண் விழித்தபோது சக்கர நாற்காலியில் லிஃப்டுக்குள் இருந்தாள். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வருஷக்கணக்காக ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஊரார் பிரஷரையெல்லாம் பார்த்தவள் தன் கையில் அந்தப் பட்டையைச் சுற்றிப் பார்த்ததில்லை.

பெரிய டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், தினம் நடக்கச் சொன்னார், யோகா வகுப்பில் சேரச் சொன்னார், எல்லாவற்றுக்கும் மேலாகத் தூங்கச் சொன்னார். மூன்று மாதம் வெளிநோயாளிகள் பிரிவில் ஊசி போடும் அறை. அதற்குப் பிறகு பார்ப்போம், பிரஷர் இறங்கியிருந்தால் வார்டு, இறங்காவிட்டால் சாமான் அறை என்றார். சாமான் அறை என்றால் கையுறைப் பெட்டிகளையும் பஞ்சையும் அடுக்கிக்கொண்டு, ஜன்னல் இல்லாத அறையில் ஓய்வு பெறுகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பது.

இவளுக்கு உயிரே போய்விட்டது. மற்றவர்களுக்கு அந்த வார்டு வேலை செய்கிற இடம். இவளுக்கு ஆள் நடமாட்டம் இருக்கிற ஒரே வீடு அதுதான்.

சரி, செய்து காட்டுகிறேன் என்று இறங்கினாள். எப்படிச் செய்தாள் தெரியுமா? தன்னையே ஒரு நோயாளியாக வைத்துக்கொண்டு செய்தாள். விடியற்காலையில் ஒரு டம்ளர் வெந்நீர், பிறகு பூங்காவைச் சுற்றி நடை, உப்பில்லாத காய், நாலு மணிக்கு மேல் காபி கிடையாது, படுக்கிற நேரத்தில் போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டு. எழுந்ததும் கட்டிலின் கால்மாட்டில் நின்று சத்தமாகச் சொல்வாள்: "பெண். ஐம்பத்தாறு வயசு. பிரஷர். ராத்திரி மூணு தடவை முழிச்சாங்க. கூட யாரும் இல்லை." சொல்லிவிட்டு ஒரு கணம் நிற்பாள். பழக்கதோஷம், பதிலுக்கு நிற்கிறாள். பதில் வராது. பல் துலக்கப் போய்விடுவாள்.

பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாள். அது பெரிய வம்பாகப் போயிற்று. பார்ப்பாள், கூடுதலாக இருக்கும். தப்பாகச் சுற்றிவிட்டோமோ என்று மறுபடி பார்ப்பாள், இன்னும் கூடியிருக்கும். பார்க்கப் பார்க்க ஏறும். ஏற ஏறப் பார்ப்பாள். புண்ணைக் குணமாகிறதா என்று நோண்டி நோண்டிப் பார்ப்பதுபோல.

யோகா வகுப்பு ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் நடந்தது. கீழே புது மரத்தின் வார்னிஷ் வாசனை, மேலே ரப்பர் பாய்களின் வாசனை. டீச்சர் சின்ன வயசுப் பெண். நிரந்தரமாக ஜலதோஷம் பிடித்த குரல். மூச்சை ஆழமாக இழுங்கள் என்று மூக்கடைப்போடு சொல்வாள், யாரும் சிரிக்க மாட்டார்கள், அப்படி நல்ல பெண். வருகிறவர்களில் ஒரு வீட்டு நாத்தனார்கள் இரண்டு பேர் உண்டு. உடம்பை வளைத்த நிலையிலேயே கிசுகிசுவென்று சண்டை போட்டுக்கொள்வார்கள். படுக்கச் சொன்னதும் குறட்டை விடும் வங்கிக்காரர் ஒருவர். அப்புறம் லிஃப்ட் மெக்கானிக். பெரிய மனுஷர், தலையில் நாலே முடி, வாயில் நாலாயிரம் பேச்சு. எதற்கு யோகாவுக்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், நாள் முழுக்க லிஃப்ட் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பிரஷரும் அதையே கற்றுக்கொண்டுவிட்டது, இப்போது மாத்திரையில் அடங்கிக் கிடக்கிறது, மறுபடி ஏறாமல் இருக்கத்தான் வருகிறேன் என்பார். இவளுக்குப் பக்கத்துப் பாய் அவருடையது.

ஆந்தையக்காவுக்கு ஆசனங்கள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நோயாளிகளைத் தூக்கித் திருப்பிய முதுகு, என்ன சொன்னாலும் கேட்டது. டீச்சர் மற்றவர்களிடம் இவளைக் காட்டி, பாருங்கள் என்று சொல்லும் அளவுக்கு. ஆனால் கடைசியில் சவாசனம் என்று ஒன்று வரும். ஒன்றுமே செய்யாமல் மல்லாந்து படுப்பது. அதுதான் இவளுக்கு வரவில்லை.

விளக்கைக் குறைப்பார்கள். எல்லோரும் கண்ணை மூடுவார்கள். "விட்டுடுங்க, எல்லாத்தையும் விட்டுடுங்க" என்று டீச்சர் மூக்கால் சொல்வாள். வரிசையாக மல்லாந்து கிடக்கும் மனிதர்களை, மங்கலான விளக்கில், ஆந்தையக்கா தலையைத் திருப்பிப் பார்ப்பாள். அவளுக்கு அது வேறு என்னவாகத் தெரியும், சொல்லுங்கள். வங்கிக்காரரின் மூச்சு கரகரவென்று வருகிறது, நெஞ்சில் சளி. மூத்த நாத்தனாருக்கு மூச்சு மேலாக ஓடுகிறது. மெக்கானிக்குக்கு ஒழுங்காக இருக்கிறது. இப்படி ஒரு சுற்று. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. வகுப்பு முடிந்து மற்றவர்கள் முகம் மலர்ந்து எழுந்திருக்கும்போது இவள் மட்டும் ஒரு டூட்டி பார்த்த களைப்போடு எழுந்திருப்பாள்.

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு அது நடந்தது.

முந்தின ராத்திரி ஃபிரிட்ஜ் ஏனோ அடிக்கடி நின்றது, இவளும் அடிக்கடி எழுந்தாள். சாயங்காலம் வகுப்பில் படுத்ததும், என்னவோ தெரியவில்லை, முதல் முறையாகக் கண் தானாக மூடிக்கொண்டது. ஒரு நொடியோ, பத்து நொடியோ. அந்த நேரம் பார்த்து டீச்சர் எல்லோரையும் படுத்தபடியே மூச்சை இழுத்து அடக்கச் சொல்லியிருக்கிறாள். பிரஷர் இறங்காதவர்கள் அடக்க வேண்டாம், சாதாரணமாக விடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். இரண்டுமே இவள் காதில் விழவில்லை. திடுக்கிட்டுக் கண் விழித்துப் பக்கத்தில் பார்த்தாள். மெக்கானிக்கின் நெஞ்சு அசையவில்லை. வயிறு அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

நான் கண்ணை மூடினேன், இவர் நின்றுவிட்டார். அவ்வளவுதான் அவள் மனசில் ஓடியது.

பாய்ந்து போய் மண்டியிட்டாள். தோளைத் தட்டினாள், தாடையைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்த்தாள், இரண்டு கையையும் கோத்து நெஞ்சின் நடுவில் வைத்துவிட்டாள். நல்ல வேளை, அழுத்துவதற்குள் அந்த மனுஷர் கண்ணைத் திறந்தார். முகத்துக்கு நேரே ஒரு முகம். அவர் அலறவில்லை. அடக்கி வைத்திருந்த மூச்சைப் புஸ்ஸென்று விட்டுவிட்டு, "சிஸ்டர், நான் இன்னும் உள்ளேதான் இருக்கேன்" என்றார்.

மொத்தக் கூடமும் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை. நாத்தனார்கள் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒன்றாகச் சிரித்தார்கள். ஆனால் இவளுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பாயைச் சுருட்டக்கூட நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். கீழே கடையில் விற்பனைக்கு வைத்திருந்த கட்டில்கள் வரிசையாக, மெத்தை விரித்து, ஆளில்லாமல் கிடந்தன. அதைத் தாண்டித்தான் தெருவுக்கு வர வேண்டும்.

அடுத்த வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்ததற்கும். நடையை விட்டாள். வெந்நீர் மட்டும் மிஞ்சியது. கருவியை எடுத்துச் சுற்றினாள், ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தங்கை பேசியபோது இதைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தங்கை மருமகள் வாங்கிய திரைச்சீலையின் நிறத்தைப் பற்றி ஆரம்பித்தாள். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். அந்த வாரம் ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்களைத் தவிர அவளிடம் யாரும் பேசவில்லை. அவர்களும் "மெதுவா, சிஸ்டர்" என்பதைத் தவிர வேறென்ன பேசப்போகிறார்கள்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் ஆஸ்பத்திரி லிஃப்ட் பழுதாகி நின்றது. பழுது பார்க்க வந்தவர் நம்ம ஆள்தான். கையில் கிரீஸோடு ஊசி அறை வாசலில் வந்து நின்றார். சிஸ்டர் ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று கேட்டார். இவள் ஊசிகளைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டாள். அவர் விடவில்லை. தன் வீட்டில் காபி ஆறிப்போகிறது என்று எழுப்பக்கூட ஆள் கிடையாது, சம்சாரம் தனக்கு முன்னால் குறட்டை விடுகிறவள், செத்தவனை எழுப்புவதுபோல இத்தனை அக்கறையாக யாரும் தன்னை எழுப்பியதில்லை என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர்போலக் கதவில் இருந்த அறிவிப்பைப் படித்தார்.

பிறகு சாதாரணமாகக் கேட்டார், ஏன் கண்ணை மூட மாட்டேன் என்கிறீர்கள் என்று. பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்.

தெரியவில்லை என்றாள். வாய் அப்படிச் சொன்னது, ஆனால் அது பாட்டுக்கு மேலே பேசிக்கொண்டே போயிற்று. அன்றைக்குப் பாதி டூட்டியில் தன்னை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதையும், மூன்று படுக்கைகளை யாரிடமும் ஒப்படைக்காமல் வந்ததையும், அந்த மூன்று பேரும் என்ன ஆனார்கள் என்று கேட்கக்கூட வார்டுப் பக்கம் போக மனசு வராததையும் சொன்னாள். சொல்லும்போதுதான் அவளுக்கே அது தெரிந்தது. உடம்பு இங்கே ஊசி போட்டுக்கொண்டிருக்கிறது, டூட்டி இன்னும் முடியவில்லை.

மெக்கானிக் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி யோசித்தார். தன் வேலையிலும் அப்படித்தான் என்றார். "லிஃப்ட் குழிக்குள்ள நான் இறங்கணும்னா மேல மெயின் சுவிட்ச் பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். 'நான் பாத்துக்கறேன், நீங்க போங்க'ன்னு அவன் வாயால சொல்லணும். சொல்லாம நான் கால் வெக்க மாட்டேன். நீங்க மட்டும் மேல ஆளே இல்லாம எப்படிம்மா இறங்குவீங்க?"

அடுத்த வகுப்புக்கு ஆந்தையக்கா போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. டீச்சர் மட்டும் இவள் பாயை எடுத்து, விரித்து வைத்தாள். கடைசியில் விளக்கைக் குறைத்தபோது மெக்கானிக் படுக்கவில்லை. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இவள் பக்கம் குனிந்தார்.

"சொல்லுங்க சிஸ்டர். மூணு படுக்கை."

இவளுக்கு வெட்கமாக இருந்தது. லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிறவரிடம் போய் என்னத்தைச் சொல்வது. ஆனால் வாய் முப்பது வருஷம் பழகிய வாய். படுத்தபடியே கூரையைப் பார்த்து மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். முதல் படுக்கை, வயசானவர், மூச்சுக்கு இயந்திரம் வைத்திருக்கிறது, இடது காது கேட்காது, வலது பக்கம் நின்று பேச வேண்டும், இல்லாவிட்டால் பயந்துவிடுவார். இரண்டாவது, வயிற்றில் ஆபரேஷன் ஆன பெண், காய்ச்சல் இறங்கிவிட்டது, கால் குளிர்கிறது என்பாள், காலுறை மாட்டிவிட வேண்டும். மூன்றாவது ஒரு அம்மா, பார்க்க வருகிறவர்கள் கிடையாது. தொண்டையில் சளி எடுக்கும்போது ரொம்பப் பயப்படுவாள். ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுக்க வேண்டும். சிரமம்தான், ஆனால் அப்படித்தான் எடுக்க வேண்டும்.

அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வலது காது, காலுறை, கை என்று விரல் மடக்கித் திருப்பிச் சொன்னார். பிறகு, "இன்னும் யாராவது உண்டா?" என்று கேட்டார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். இவள் வாய் திறப்பதற்குள் வங்கிக்காரர் குறட்டை ஆரம்பித்துவிட்டார்.

"இன்னொருத்தங்க. பெண். ஐம்பத்தாறு வயசு. பிரஷர். தூக்கம் இல்லை." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள், "கூட யாரும் இல்லை."

"எடுத்துக்கிட்டேன்" என்றார் மெக்கானிக்.

அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தெரியும். அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு போன பிறகும் ஆந்தையக்கா எழுந்திருக்கவில்லை. டீச்சர் தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டு, ஜன்னல் ஓரமாகத் தும்மலை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். மெக்கானிக் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு பாயிலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் வந்த வாரங்கள் நல்ல வாரங்கள். நடை திரும்ப வந்தது. பூங்காவில் எதிரே வருகிறவர்களின் மூச்சை எண்ணாமல் மரங்களைப் பார்த்து நடந்தாள். அதுவரைக்கும் அங்கே மரங்கள் இருந்ததையே அவள் கவனித்திருக்கவில்லை. உப்பில்லாத காய்க்கும் நாக்கு சமாதானமாகிவிட்டது. கருவியைத் துணியில் சுற்றிச் சீருடை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். வகுப்பில் ஒவ்வொரு நாளும் விளக்கைக் குறைத்ததும் சுருக்கமாக ஒப்படைப்பாள், அவர் எடுத்துக்கொள்வார், இவள் கண்ணை மூடுவாள். வீட்டில் மட்டும் பழைய கதைதான். அங்கே எடுத்துக்கொள்ள ஆள் இல்லையே. ஃபிரிட்ஜ் நின்றால் கண் திறந்துகொள்ளும்.

டாக்டர் சொன்ன நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மெக்கானிக் வகுப்புக்கு வேலை உடுப்போடு வந்தார். கம்பெனி அவரை ஊரின் மறு கோடிக்கு மாற்றிவிட்டதாம். இனி இந்தப் பக்கம் வர முடியாது. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக இவளிடம் வந்தார். வழக்கமான கிண்டல் முகத்தில் இல்லை.

"உங்க ரூல்படி நான் ஒப்படைக்காம போகக்கூடாது. மூணு படுக்கை, ஒரு அம்மா. யார்கிட்ட ஒப்படைக்கணும்?"

இவள் யோசித்தாள். அந்த மூன்று படுக்கைகளையும் தானே எடுத்துக்கொள்வதாகவும், வார்டுக்கே போய் என்ன ஆயிற்று என்று கேட்டு முடித்துவிடுவதாகவும் சொன்னாள்.

"அந்த நாலாவது அம்மாவை?"

பார்க்கலாம் என்றாள். "ஆள் கிடைக்கற வரைக்கும் என் பேர்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் படி இறங்கினார். கீழே கட்டில் கடையில் யாரிடமோ பேசிச் சிரிப்பது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அன்றைக்குச் சவாசனத்தில் பக்கத்துப் பாய் இருந்த இடத்தில் வெறும் தரைதான் இருந்தது. ஆந்தையக்கா கண்ணை மூடவும் இல்லை, மற்றவர்களை எண்ணவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அறையில் பட்டையைச் சுற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நம்பரைப் பார்த்தால் ஏறிவிடுமே. டாக்டர் இரண்டு கையிலும் பார்த்தார், எழுதினார், பேனாவை மூடினார். இறங்கியிருந்தது. பிரமாதமாக என்று சொல்ல முடியாது, ஆனால் இறங்கியிருந்தது. வார்டுக்குப் போகலாம், பகல் டூட்டி மட்டும், ராத்திரி என்ற பேச்சே கூடாது, யோகாவையும் நடையையும் விட்டால் நேரே சாமான் அறை என்றார். இவள் சரி சரி என்று தலையாட்டினாள். மூன்று மாதம் ஏங்கிய செய்தி. ஆனால் வெளியே வந்ததும் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

மாடியேறி வார்டுக்குப் போனாள். அதே உஸ், அதே டிங். இயந்திரங்கள் இவளைத் தெரிந்தவைபோலச் சொல்லிக்கொண்டிருந்தன. படுக்கைகளில் எல்லாம் புது முகங்கள். இவள் இல்லாத நாட்களில் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டவள் வார்டிலேயே இளையவள், சின்னவள் என்று கூப்பிடுவார்கள். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஆந்தையக்கா அவளைக் கூட்டிக்கொண்டு முதல் படுக்கையின் கால்மாட்டில் போய் நின்றாள். எதற்கு என்று சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த வார்டில் வேலை செய்கிறவர்களுக்கு அது புரியும்.

வயசானவர் நடந்தே வீட்டுக்குப் போனார் என்றாள் சின்னவள். போகும்போது வாசல் வரைக்கும் எல்லோரிடமும் வலது காதைக் காட்டிக்கொண்டே போனாராம். ஆபரேஷன் ஆன பெண் ஆஸ்பத்திரிக் காலுறையையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள், திருப்பித் தரவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்றாவது படுக்கைக்கு வந்தார்கள். அந்த அம்மா, இவள் மயங்கி விழுந்த அதே வாரம், ஒரு மத்தியானம், இறந்துவிட்டாள்.

"கையை நான் பிடிச்சுக்கிட்டிருந்தேன்க்கா. நீங்க அப்படித்தான் செய்வீங்கன்னு பாத்திருக்கேன். நீங்க சொல்லாட்டியும் எடுத்துக்கிட்டேன்."

ஆந்தையக்கா படுக்கையின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனசு லேசாயிற்று, உண்மைதான். லேசானதோடு கூடவே இன்னொன்றும் வந்தது. இவள் ஒப்படைக்காமலே எல்லாம் நடந்திருக்கிறது. இவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்த அத்தனை ராத்திரிகளிலும் இங்கே யாரோ ஒருத்தி விழித்திருந்திருக்கிறாள். சின்னவளின் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படி வழியாகவே இறங்கினாள்.

அன்று சாயங்காலம் உப்பில்லாத சூப்பும் ஒரு துண்டு ரொட்டியும் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். போனை அலமாரிக்குள் வைக்கப் போனவள் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லை. இருந்தாலும் தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை பதறிவிட்டாள். யார் செத்தது என்றுதான் முதலில் கேட்டாள். யாரும் சாகவில்லை, ஒன்று சொல்ல வேண்டும், குறுக்கே பேசாமல் கேள், கேட்டு முடித்ததும் எடுத்துக்கிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள் ஆந்தையக்கா.

"என்னத்தை எடுத்துக்கணும்? இங்க வெக்க இடமே இல்லக்கா. மருமக ஏற்கெனவே பீரோ ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கா."

சாமான் இல்லடி, நான் என்றாள் அக்கா.

அங்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஆந்தையக்கா நின்றபடி, கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெண், ஐம்பத்தாறு வயசு. இன்ன மாத்திரை. பிரஷர் இறங்கியிருக்கிறது. காலையில் நடந்தாள். ஃபிரிட்ஜ் நின்றால் முழித்துக்கொள்கிறாள். தங்கை எவ்வளவு கேட்டாளோ, எவ்வளவு விட்டாளோ. நடுவில் ஒரு தடவை, கீழே இறங்குடா, விழுந்து தொலைக்கப் போற என்று யாரையோ அதட்டினாள். பிறகு டிவி சத்தம் குறைந்தது. ஃபிரிட்ஜ் நின்றால் முழிக்கிறாயா, எத்தனை நாளாக என்று தங்கை மெதுவாகக் கேட்டாள். ரொம்ப நாளாக என்றாள் இவள்.

இப்படி இரண்டு பேரும் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது இதற்கு முன்னால் எப்போதும் இல்லை.

"சரிக்கா. எடுத்துக்கிட்டேன். போதுமா? போய்ப் படு."

அங்கே ஏதோ தடாலென்று விழுந்தது, அழுகை கிளம்பியது, போன் வைக்கப்பட்டது. அரைக் காதால் கேட்டுச் சொன்ன சொல்தான். அதற்காக இன்னொரு தடவை சொல் என்று கேட்கவா முடியும்.

விளக்கை அணைத்துவிட்டு மல்லாந்து படுத்தாள். நாற்காலியில் சீருடைகள் வெள்ளையாகத் தெரிந்தன. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். தெருவில் ஒரு வண்டி போயிற்று. கை கால்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள், டீச்சர் மூக்கால் சொல்வதுபோலத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு. பாதம், முழங்கால், இடுப்பு, தோள். கண்ணை மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. வீடு முழுக்க நிசப்தம்.

அவளுக்குக் கேட்டது. கேட்காமல் இல்லை. கண்ணை மட்டும் திறக்கவில்லை.